மூன்று சந்தை கட்டிவைத்த மலை

எங்கள் எள்ளுவலசு வட்டத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று அச்சிலேயே வந்திருக்கிறது. மாவட்டச் சுற்றுலாக் கையேட்டில் மற்ற வட்டங்களுக்கெல்லாம் அருவி, அணை, ஆயிரம் ஆண்டுக் கோயில், எதுவும் இல்லாவிட்டால் ஒரு முதலைப் பண்ணையாவது வண்ணப்படத்தோடு இருக்க, எங்களுக்கு ஒதுக்கிய அரைப் பக்கத்தில் ‘இங்கு விவசாயம் முக்கியத் தொழில்’ என்ற ஒரே வரியும், அதன் கீழே யாருடையதென்று தெரியாத ஒரு டிராக்டரின் படமும்தான் இருந்தன. இடம் மிச்சமாகிவிட்டதே என்று டிராக்டரைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். இப்போது புதுக் கையேட்டுக்காக ‘வரலாறும் காண வேண்டிய இடங்களும்’ என்று தலைப்பிட்ட ஒரு படிவம் வந்து, அதை நிரப்பும் வேலை, ஊரிலேயே சும்மா இருப்பவன் என்று எல்லோரும் நம்புகிற கிளை நூலகனான என் தலையில் விழுந்திருக்கிறது. படிவத்தில் ஆறு வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள். ஆறு வரியில் அடங்காது என்பதால் இதைத் தனித்தாளில் எழுதுகிறேன்.

முதலில் வரலாறு. எங்கள் மண்ணில் எந்த அரசனும் பிறக்கவில்லை. படையெடுத்து வந்தவர்கள்கூட, ஏறி நின்று நாலா பக்கமும் பார்க்க ஒரு மேடு கிடைக்காமல், கிணற்றடியில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வழி கேட்டுக்கொண்டு மேற்கே போய்விட்டதாகச் சொல்வார்கள். தோசைக்கல் போலத் தட்டையான நிலம். கிழக்கே ஒருவர் தும்மினால் மேற்கே இருப்பவர் ‘நூறு’ என்று வாழ்த்துவார். அதில் கடலை, எள், சோளம், கிணற்றில் தண்ணீர் இருக்கிற வருஷம் கொஞ்சம் மஞ்சள், நிலங்களுக்கு நடுவே இருபுறமும் வேலி வைத்த இட்டேரிப் பாதைகள், வியாழக்கிழமை தோறும் கூடும் சந்தை, அவ்வளவுதான் நாங்கள்.

ஆனால் எங்களிடம் எல்லாவற்றையும்விடப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. வழி தவறிய மாடு உங்கள் காட்டுக்குள், அதாவது வானம் பார்த்த உங்கள் விளைநிலத்துக்குள், வந்து அடைந்துவிட்டால், அது எதை மேய்ந்திருந்தாலும் நீங்கள் கை ஓங்கக் கூடாது. தண்ணீர் காட்ட வேண்டும், கயிறு போட்டுக் கட்ட வேண்டும், தொடர்ந்து மூன்று சந்தைகளில் அதன் அடையாளங்களைச் சொல்லி, ஆனால் ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, அறிவிக்க வேண்டும். அந்தச் சொல்லாத அடையாளத்தைச் சொல்கிறவர்தான் உடையவர். அதுவரை அதன் பால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு, சாணி உங்கள் காட்டுக்கு, கன்று போட்டால் கன்று உங்களுக்கு, தாய் மட்டும் உடையவருக்கு. மூன்றாம் சந்தை கலைந்தும் ஆள் வராவிட்டால் தாயும் உங்களுக்கே. கயிறு எப்போதும் கட்டியவருடையது, அதை மாட்டோடு அனுப்புவதில்லை. இதை மீறியவர் வீட்டில் எங்கள் ஊரில் யாரும் மோர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

இனி, காண வேண்டிய இடம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆடி பிறந்து நான்காம் நாள் விடிகாலையில், ஒரு மலை வந்து மயிலாத்தாளின் காட்டில் படுத்திருந்தது.

மயிலாத்தாளுக்கு அப்போது வயது ஐம்பது. கணவர் சுப்பராயன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய் வருஷத்தில் பத்து மாதம் அங்கேயே கிடப்பவர். ஊரில் இருக்கும் மூன்று ஏக்கரும் மயிலாத்தாளின் பொறுப்பு. நான்கு வருஷமாக மழை இல்லாமல் அந்த மூன்று ஏக்கரில் எதுவும் விதைக்கவில்லை. கிணற்றின் அடியில் தவளைகூட இல்லை. அந்த வருஷம்தான் ஆனிக் கடைசியில் ஒரு மழை பெய்தது. இரண்டு ஓட்டு உழுதுவிட்டு, விதைக்கடலையை ஒவ்வொன்றாக உரித்துப் பானையில் போட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டி வைத்திருந்தார். ஆடி போனால் கடலை விதைக்க முடியாது. அந்தப் பானையை விட்டால் அவரிடம் வேறு விதையும் இல்லை, அதை விதைக்க அந்தக் காட்டை விட்டால் வேறு இடமும் இல்லை.

காலையில் போய்ப் பார்த்தவர், மலையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். செம்மண் நிறம். நாற்பது ஆள் உயரம் இருக்கும். உச்சியில் மூன்று பனை, வடக்கு இடுக்கில் ஒரு சிறு சுனை. மேற்கு இடுப்பில் ஒரு பெரிய காயம்; பாறை பிளந்து பச்சையாகத் தெரிய, அதன் ஓரமாக வரிசையாய்த் துளைகள். துளையின் அகலத்தைப் பார்த்தவுடனே அது எப்படி வந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, துளை போடுகிறவரின் பெண்டாட்டி அல்லவா. நான்கு குடம் தண்ணீர் கொண்டுவந்து அடியில் ஊற்றினார். மலை சத்தம் போட்டுக் குடித்தது. அதன் பிறகு வீட்டில் கிடந்த லாரிக் கயிற்றை எடுத்து, மலையின் கழுத்துப் பக்கம் துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறையில் சுற்றி, மறுமுனையை வரப்போர வேம்பில் கட்டிவிட்டு, கணவருக்கு போன் போட்டார்.

“ஏனுங்க, நம்ம காட்டுல ஒரு மலை வந்து படுத்திருக்குதுங்க.”

“எவ்வளவு தூரம் படுத்திருக்குது?”

“மூணு ஏக்கராவும் போச்சுங்க. வரப்புத் தாண்டலை.”

“வரப்புத் தாண்டலைன்னா நல்ல வளப்புத்தான். தண்ணி காட்டுனயா?”

“காட்டிக் கட்டியும் போட்டுட்டனுங்க. கடலை வெதைக்கோணுமே, அதான்.”

“மூணு சந்தை பாக்கோணுமல்ல மயிலு. வேற என்ன பண்றது?”

வேறு ஒன்றும் பண்ண முடியாது என்பது மயிலாத்தாளுக்கும் தெரியும். மூன்று சந்தை என்றால் மூன்று வாரம். அதற்குப் பிறகும் ஆடியில் சில நாள் மிச்சமிருக்கும் என்று விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்குப் போய், வேப்பிலையும் மஞ்சளும் சேர்த்து அரைத்து ஒரு அண்டா நிறையக் கொண்டுவந்து, மாட்டுக் காயத்துக்குப் போடுவதைப் போல மலையின் மேற்கு இடுப்பில் பத்துப் போட்டார். மூன்று அண்டா பிடித்தது. ஊருக்குள் யாரிடமும் அந்தக் காயத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் சொல்லி, சோளத்தட்டால் படல் கட்டி அந்தப் பக்கத்தை மறைத்துவிட்டார். வாய்க்குள் வைத்துக்கொள்ள வேண்டிய அடையாளம் அதுதான் என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

முதலில் ஏறியவை ஆடுகள். அவற்றைக் கூப்பிடப் போன ஆட்கள் அடுத்தபடியாக ஏறினார்கள். கிராம நிர்வாக அலுவலர் வரைபடத்தோடு வந்து, வெகு நேரம் யோசித்து, அடங்கல் என்கிற நிலக் கணக்கில் பயிர் என்ற கட்டத்தில் ‘மலை (தற்காலிகம்)’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரும் ஏறினார். மூன்றாம் நாள் சுண்டல் வண்டி வந்தது, ஐந்தாம் நாள் பஸ் கண்டக்டர் “மலை ஸ்டாப்பெல்லாம் எறங்கு” என்று கத்தினார். சாயங்காலம் நாலரைக்கே மலையின் நிழல் ஊருக்குள் வந்துவிட்டதால் கோழிகள் சீக்கிரம் அடைந்தன, பள்ளிக்கூடத்தில் கடைசிப் பாடம் நடத்த முடியாமல் வாத்தியார்கள் சந்தோஷப்பட்டார்கள். மலை என்றால் மேலே முருகன் இருக்க வேண்டுமே என்று சிலர் வேலும் வேட்டியுமாகக் கிளம்ப, அடுத்தவர் மலையில் நாம் எப்படிச் சாமி வைப்பது, மூன்று சந்தை போகட்டும் என்று ஊர் கூடி அவர்களை நிறுத்தி வைத்தது.

ஏறியவர்கள் இறங்க மனமில்லாமல் இருந்ததற்குக் காரணம் மலை அல்ல. மலையின் மேல் நின்றால் நாங்கள் தெரிந்தோம். பிறந்ததிலிருந்து பக்கவாட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வட்டத்தை முதல் தடவையாக மேலிருந்து பார்த்தோம். உழுத காடும் உழாத காடும் கட்டம் கட்டமாகக் கிடப்பதையும், நடுவே இட்டேரிகள் பச்சை நரம்பாக ஓடுவதையும், சந்தைப்பேட்டைக் கூரைகளையும், எங்கோ ஒருவர் தனியாகக் களை வெட்டிக்கொண்டிருப்பதையும், அவருக்குச் சோறு கொண்டுபோகிற பெண் இன்னும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதையும் ஒரே சமயத்தில் பார்த்தோம். ‘இங்கு விவசாயம் முக்கியத் தொழில்’ என்று எழுதியவர் இங்கே வந்து நின்றிருந்தால் ஒரு வரியோடு நிறுத்தியிருக்க மாட்டார் என்று தோன்றியது. அந்த மூன்று வாரத்தில் நான் பதினாறு தடவை ஏறினேன், நூலகத்தைப் பூட்டிவிட்டு.

மழையும் வந்தது. போகிற மேகமெல்லாம் மலையில் முட்டி நின்று எங்கள் தலையில் இறங்கியது. இரண்டாம் சந்தைக்குள் மூன்று மழை, மயிலாத்தாளின் கிணற்றில் எட்டடித் தண்ணீர். ஊரே வாயெல்லாம் பல்லாகத் திரிந்தது. மயிலாத்தாள் மட்டும் தினமும் பானையைத் திறந்து, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று விதைக்கடலையை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, திரும்பவும் துணியைக் கட்டி வைத்தார்.

முதல் இரண்டு சந்தையிலும் ஒலிபெருக்கியில் ஒழுங்காகச் சொன்னார்கள்: செவலை நிறம், மூன்று பனை, வடக்கே சுனை, உடையவர்கள் வந்து அடையாளம் சொல்லிக் கூட்டிப் போகலாம். மூன்றாம் சந்தையன்று மயிலாத்தாள் போனபோது ஒலிபெருக்கிக்கு மேல் ஒரு கோணி போர்த்தியிருந்தது. ஊராட்சித் தலைவர் பெரியதம்பி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல, ஊருக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று துடிப்பவர். துடிப்பு அன்றைக்குக் கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது.

“மைக்கு ரிப்பேரு, அம்மிணி.”

“காத்தால தக்காளி வெலை சொல்லுச்சுங்களே?”

“அதுக்கப்பறம்தான் ரிப்பேரு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரு மயிலு, இன்னைக்கு ஒரு பொழுது சத்தமில்லாமப் போனா மலை நம்முளுது. ஏரிக்கரையோரம் மூணு ஏக்கரா, கரிசல் மண்ணு, உனக்குத் தரச் சொல்லி நான் தீர்மானம் போடறேன். நாளைக்கே நீ கடலை வெதைக்கலாம். மழை ஊருக்கெல்லாம் பேயுது. யாருக்கு என்ன நட்டம், சொல்லு?”

சுற்றிலும் சந்தை நின்று கேட்டது. யாரும் தலைவரை மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை, அதை இங்கே எழுதிவிடுகிறேன். எனக்கும் அந்த மலை வேண்டியிருந்தது.

“எனக்கு மட்டும் மழை கசக்குதுங்களா?” என்றார் மயிலாத்தாள். “எட்டடி தண்ணி ஊறியிருக்குதுங்க என்ற கெணத்துல. ஆனா அடுத்தவங்க மாட்டை மறைச்சுக் கட்டிப் பால் கறந்த மாதிரியல்லவுங்க இருக்குது. அது காயத்தோட வந்துருக்குது. எங்கயோ எவரோ தேடிட்டு இருப்பாங்க.”

உடனே உப்புக் கடைக்காரரின் மூட்டை மேல் ஏறி நின்று, சொந்தத் தொண்டையால் கத்தினார். அங்கே ஒரு தடவை, மாட்டுத் தாவணியில் ஒரு தடவை, வெங்காய மண்டி முன்னால் ஒரு தடவை. கடைசித் தடவை குரல் கம்மிவிட்டது. அன்றைக்கு அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெற்றிலைக் கடைக்காரி மட்டும் ஒரு சோடாவை உடைத்து நீட்டினாள்.

சந்தை கலைந்தது. ஆனால் வெங்காயம் வாங்க வந்த வெளியூர் வியாபாரி ஒருவர் மயிலாத்தாள் கத்தியதைக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். சனிக்கிழமை காலை இரண்டு பஸ் மாறி ஒருவர் வந்து இறங்கினார். பெயர் குழந்தைவேல், ஊர் கிழக்கே மலையடியூர். மலை போய்விட்ட பிறகு அந்தப் பெயரைப் பஸ்ஸின் நெற்றியில் பார்க்கிறவர்களெல்லாம் சிரிக்கிறார்கள் என்று வந்தவுடன் சொன்னார். சந்தை கலைந்த பிறகு வந்தால் செல்லாது என்று தலைவர் ஒரு வாதம் வைத்தார். அறிவிப்பு சந்தையிலேயே வெளியூர்க்காரர் காதில் விழுந்துவிட்டதால் செல்லும் என்று கூட்டத்திலேயே நான்கு பேர் சொன்னதும் அவர் உட்கார்ந்துவிட்டார். ஊர் முழுவதும் மலையடியில் கூடி, இந்த மனிதர் தப்பாகச் சொல்ல வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு நின்றது.

“பனையும் சுனையும் நாங்களே சொல்லீட்டோமுங்க,” என்றார் மயிலாத்தாள். “வேற என்ன அடையாளமுங்க?”

குழந்தைவேல் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “மேக்கால இடுப்புல காயம் இருக்கும்மா. பதினோரு துளை. கல்குவாரிக்காரங்க வெடி வச்சது. நாங்க நாப்பது நாள் ரோட்டுல உக்காந்து அதை மூட வச்சோம். மூடிட்டாங்கன்னு சொல்றதுக்குத் திரும்பிப் பாத்தா, மலையைக் காணோம்.”

மயிலாத்தாள் அவரை மேற்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் படலை விலக்கினார். மூன்று வாரத்து மழையிலும் கரையாமல், தினமும் புதிதாக அரைத்துப் பூசியதால் மஞ்சள் மஞ்சளாக, பத்து ஒட்டியிருந்தது. ஓரங்களில் பாறை சேர்ந்து ஆறத் தொடங்கியிருந்தது. குழந்தைவேல் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், சத்தம் போட்டு அழுதார்.

“தலைமுறை தலைமுறையா இதோட நிழல்ல கெடந்தோம். எங்கள்ல ஒருத்தருக்குத் தோணலியேம்மா, இதுக்கு ஒரு பத்துப் போடணும்னு.”

அதற்குப் பிறகு மலையை வைத்துக்கொள்வதைப் பற்றி யாரும் பேசவில்லை. பெரியதம்பி எழுந்து போய்த் தம் வீட்டிலிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தார். குழந்தைவேல் வாங்கிக் குடித்தார். மயிலாத்தாள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, “இனி வெடி வெக்க உட்டீங்கன்னா மறுபடி இங்கதான் வரும், நான் சந்தையில சொல்லாமயே கட்டிக்குவேன், பாத்துக்குங்க” என்றார். குழந்தைவேல் கிழக்கே பத்தடி நடந்து நின்று, “செவலே, வா” என்று கூப்பிட்டார். மலை மண் உதிர எழுந்து, சோம்பல் முறித்து, வரப்பை மிதிக்காமல் தாண்டி, மின்சாரக் கம்பிகளுக்கு அடியில் பனைகளைச் சாய்த்துக்கொண்டு இட்டேரி வழியே நடந்தது. தலைவர் முன்னால் ஓடிப்போய் நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் லாரிகளை நிறுத்தினார். ஊர்ப் பிள்ளைகள் கையசைத்துக்கொண்டே எல்லை வரை போய்த் திரும்பின. நாலரை மணி வெயில் மூன்று வாரம் கழித்து எங்கள் முகத்தில் அடித்தது. வானம் தேவைக்கு மேல் பெரிதாகத் தெரிந்தது, அவரவர் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலையில், ஆடி முடிய நான்கு நாள் இருக்கையில், மயிலாத்தாள் விதைக்கடலைப் பானையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனார். மலை படுத்திருந்த இடமெல்லாம் அதிலிருந்து கரைந்து இறங்கிய செவ்வண்டல் ஒரு சாண் கனத்துக்குப் படிந்து, ஈரமாக, கால் வைத்தால் புதைகிற பதத்தில் இருந்தது. வேம்புக்குக் கீழே, வடகிழக்கு மூலையில், முழங்கால் உயரத்தில் செவலையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. உச்சியில் மூன்று பனங்குருத்து, ஒவ்வொன்றும் விரல் நீளம். வடக்கு இடுக்கில் ஓர் உள்ளங்கைச் சுனை. இடுப்பில் காயமே இல்லை.

மயிலாத்தாள் பானையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி ஓடி, நேற்றுச் சுருட்டி வைத்த கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் ஊர் கூடியிருந்தது. வழக்கத்தை யார் வாய்விட்டுச் சொல்வது என்று எல்லோரும் பெரியதம்பியைப் பார்க்க, அவர் தொண்டையைச் செருமி, “கன்னு கட்டுனவங்களுக்கு. இதுல பேசறதுக்கு என்ன இருக்குது? கட்டு, அம்மிணி” என்றார். அன்று முழுவதும் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் ‘தற்காலிகம்’ என்பதை அடித்துவிட்டு ‘கன்று’ என்று திருத்தினார்.

மலையடியூருக்குச் சொல்லி அனுப்பினோம். கன்று உங்களுடையதுதான், தாய் பத்திரமாக வந்து பழைய இடத்திலேயே படுத்துக்கொண்டது என்று பதில் வந்தது. கூடவே தாய் மலையின் சுனைத் தண்ணீர் ஒரு குடம், பஸ் கண்டக்டர் மடியில் வைத்துக்கொண்டு சிந்தாமல் கொண்டுவந்தார். மயிலாத்தாள் அதைச் சீம்பால் போல மூன்று வேளையாகப் பிரித்து ஊற்றினார். பிறகு கன்றைச் சுற்றி ஏர் ஓட்டி, ஆடி முடிவதற்குள் பானையில் இருந்த கடலை அத்தனையும் விதைத்து முடித்தார். அந்த வருஷம் விளைந்த கடலையை இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சுப்பராயன் லீவில் வந்தபோது கன்றைச் சுற்றி வந்து பார்த்தார். பெருமைதான், ஆனால் ஒரு கவலையும் இருந்தது.

“இது வளந்துச்சுன்னா மூணு ஏக்கராவும் போயிருமே மயிலு?”

“அது வளர்றதுக்குள்ள நாம எத்தனையோ போகம் எடுத்துரலாமுங்க. அப்பறம் எடம் பத்தலைன்னா அதுக்குத்தான் நடக்கத் தெரியுமே.”

ஆகவே படிவத்துக்கான என் பதில் இது. வரலாறு: மூன்று சந்தை வழக்கம். காண வேண்டிய இடம்: மயிலாத்தாள் காட்டில் ஒரு மலை, இந்த வருஷம் இடுப்பளவு உயரம். பார்வை நேரம் பகல் முழுவதும். பயிர் இருக்கும்போது வரப்பிலேயே நடந்து வரவும். அதன் தலைக்கு மேல் மட்டும் ஒரு வேட்டி அகலத்துக்கு மேகம் கூடி, அக்கம்பக்கத்து நாலு வரிசைக் கடலைக்குத் தூறல் போடுவதை அதிர்ஷ்டம் இருந்தால் பார்க்கலாம். நேற்று மயிலாத்தாக்காவிடம் கேட்டு அனுமதி வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் இட்டேரியும், அதற்கு அந்தப் பக்கம் குனிந்து களை வெட்டிக்கொண்டிருந்த ஒருவரின் முதுகும் தெரிந்தன. இறங்கும்போது மயிலாத்தாக்கா வேம்படியில் உட்கார்ந்து, கழுத்து இறுகிவிட்டது பாவம் என்று சொல்லிக்கொண்டே, கயிற்றை ஒரு முழம் தளர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார்.